சம்பளத்துக்குச் சிரித்தால் என்ன குறை?

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. பிறவியிலேயே வளர்த்தி குறைந்தவர். உயரம் 4 அடி 2 அங்குலம். கிளினிக் கொப்பியில் ‘அகோன்ட்ரோபிளேசியா’ என்று எழுதியிருக்கிறார்கள். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக எடுத்துச் சித்தியடைந்தவர். அண்மையில் எங்கள் ஊர் இளைஞர்கள் எடுத்த குறும்படமொன்றில் நடித்தார். அதைப் பார்த்துவிட்டு ஒரு முகவர் வீட்டுக்கு வந்தார். இந்தியாவில் ஒரு சர்க்கஸ் கம்பனியில் ஜோக்கர் வேலை இருக்கிறதாம். இரண்டு வருட ஒப்பந்தம். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். அங்கிருந்து சினிமாவுக்குப் போவது சுலபமாம். ‘பயிற்சியெல்லாம் தேவையில்லை, வந்து நின்றாலே சனம் சிரிக்கும்’ என்றும் சொன்னார். அம்மா, ‘நாலு சனம் சிரிக்கவா நான் பெத்தனான்’ என்று அழுகிறார். தம்பியோ, ‘இப்ப சும்மா சிரிக்கினம்தானே அக்கா, சம்பளத்துக்குச் சிரிச்சால் என்ன குறை?’ என்று கேட்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? என்னைப் பெண்பார்க்க வந்தவர்களும் தம்பியைக் கண்டபின் தட்டிக்கழிக்கிறார்கள். அதையும் அம்மா மனதில் வைத்து வருந்துகிறார்.
ஓர் அக்கா, உவர்மலை, திருகோணமலை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தம்பி மேடையேறலாமா என்பது ஒன்று. இந்த முகவரோடு போகலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு என் பதில் ஆம். இரண்டாவதற்கு, முகவர் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், வேண்டாம் என்றே சொல்வேன். நான் ஓர் இயன்மருத்துவர். எலும்பும் மூட்டும் முள்ளந்தண்டும் நோகும் மனிதர்களோடுதான் என் வேலைநாள் கழிகிறது; அவர்களில் உயரம் குறைந்தவர்களும் உண்டு, கூடாரங்களில் கோமாளி வேடம் கட்டிப் பிழைத்த ஒருவரும் உண்டு. உங்கள் தம்பியின் உடம்பையும் தொழிலையும் தனித்தனியாகப் பிரித்து என்னால் யோசிக்க முடியவில்லை என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தம்பி கேட்ட கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்டு வீட்டில் எல்லோரும் கலங்கியிருக்கிறீர்கள். ஆனால் யாரும் அவருக்குப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. இதே கேள்வியை பிரான்ஸில் ஒருவர் நீதிமன்றப் படி ஏற்றினார். மனுவல் வாக்கன்ஹைம் என்பது அவர் பெயர். அவரும் உயரம் குறைந்தவர். 1991இல் இரவு விடுதிகளில் நடந்த ஒரு கேளிக்கையில் அவருக்கு வேலை. பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொண்டு அவர் நிற்பார். வாடிக்கையாளர்கள் அவரைத் தூக்கி மெத்தையின்மேல் எறிவார்கள். மொர்சாங்-சூர்-ஓர்ஜ் என்ற சிறுநகரத்தின் மேயர் அதைத் தடைசெய்தார். வாக்கன்ஹைம் வழக்காடினார். கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. ஆனால் நாட்டின் அதியுயர் நிர்வாக நீதிமன்றம் 1995 ஒக்டோபரில், மனித கண்ணியத்தைக் காப்பதும் பொது ஒழுங்கின் ஒரு பகுதியே என்று கூறித் தடையை நிலைநிறுத்தியது. அவர் அதோடு விடாமல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவரை போனார். 2002இல் அங்கும் அவருக்குச் சாதகமான முடிவு கிடைக்கவில்லை. தம்மைப் போன்றவர்களுக்கு வேலை கிடைப்பதே அரிது, கண்ணியம் என்பது வேலையோடு இருப்பதில்தான் இருக்கிறது என்பதே அவர் கடைசிவரை சொன்ன வாதம்.

தடை சரியென்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு மனிதரைத் தூக்கி எறிந்து சிரிக்கப் பழகிய கூட்டம் விடுதியை விட்டு வெளியே வந்ததும் அந்தப் பழக்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போவதில்லை. அதன் விலையை, அந்தச் சம்பளத்தில் ஒரு சதமும் காணாத வேறு பல உயரம் குறைந்தவர்கள் தெருவிலும் பாடசாலையிலும் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனாலும் வாக்கன்ஹைமின் வாதத்தில் எனக்கு மறுக்க முடியாத ஒரு பகுதி உண்டு. அவருடைய வேலையை நிறுத்தியவர்கள் அவருக்கு வேறு வேலை தேடிக் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அதுவே நடந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. ‘போகாதே’ என்று மட்டும் சொல்லிவிட்டு, காலையில் எழும்பி என்ன செய்வது, கையில் காசுக்கு யாரைக் கேட்பது என்பதைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டால், 20 வயது இளைஞருக்கு அது அன்பாகத் தெரியாது, சிறையாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பிள்ளைகள் முகவரின் வாகனத்தில் ஏறுவது எளிது.

ஆகவே தம்பியிடம் நேராகச் சொல்லுங்கள்: சம்பளத்துக்குச் சிரிக்க வைப்பதில் ஒரு குறையும் இல்லை. கூத்துக்களரியில் விடிய விடிய சனத்தைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் கோமாளியையோ கட்டியக்காரனையோ நாங்கள் ஒருநாளும் தாழ்வாக நினைத்ததில்லை. சம்பளம் எதற்குக் கிடைக்கிறது என்பதைத்தான் தம்பி பார்க்க வேண்டும். குரலுக்கு, நேரம் பார்த்து வசனத்தைப் போடும் சாமர்த்தியத்துக்கு, உடலை ஆளத் தெரிந்த பயிற்சிக்கு என்றால் அது தொழில். வருடத்துக்கு வருடம் வளரும், வேறு இடத்துக்கும் கூடவே வரும். உயரத்துக்கு மட்டும் என்றால் இரண்டு வருடம் முடிந்து திரும்பும்போதும் தம்பியின் கையில் இருப்பது போகும்போது இருந்த அதே உயரம்தான். ‘வந்து நின்றாலே சனம் சிரிக்கும்’ என்று முகவர் சொன்ன அந்த ஒரு வசனத்திலேயே, எதை வாங்க வந்திருக்கிறார் என்பதை அவர் சொல்லிவிட்டார்.

இந்தத் தொழிலில் பெயர் பெற்றவர்களின் வாழ்க்கையைத் தம்பியும் படித்துப் பார்க்கட்டும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பி.டி. பார்னம் என்ற காட்சி வணிகர், சார்ள்ஸ் ஸ்ட்ராட்டன் என்ற 4 வயதுக் குழந்தையை, 11 வயது என்று பொய் சொல்லி மேடையேற்றினார். உண்மை வயதைச் சொன்னால் சிறு குழந்தைதானே என்று சனம் போய்விடும். தொடக்கம் அப்படிக் கேவலமானது. ஆனால் அந்தப் பிள்ளை பாட்டும் ஆட்டமும் பிறரைப் போல நடித்துக் காட்டுவதும் கற்றுத் தேறி, 1844இல் விக்டோரியா மகாராணியின் முன் நிகழ்ச்சி நடத்தி, பின்னாளில் பார்னம் பணமிழந்து நின்றபோது அவருக்கே கைகொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார். இங்கிலாந்தின் கென்னி பேக்கரின் கதை உங்கள் தம்பியின் கதைக்கு இன்னும் கிட்டியது. பதின்ம வயதில் தெருவில் போய்க்கொண்டிருந்தவரை ஒரு நாடகக் குழுவினர் கண்டு அழைத்துச் சென்றார்கள். சர்க்கஸ் கோமாளி வேடம், பனிச்சறுக்கு நிகழ்ச்சி என்று அலைந்தவர் இசையைக் கைவிடவில்லை. ஒரு நண்பரோடு சேர்ந்து இசையும் நகைச்சுவையும் கலந்த இரட்டையர் நிகழ்ச்சியை உருவாக்கி அதிலேயே பிழைத்தார். 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தில் ஆர்2-டி2 என்ற இயந்திர மனிதனின் உலோகக் கூட்டுக்குள் இருந்தவர் அவர்தான். மலையாளத்தில் அஜய் குமார், ‘கின்னஸ் பக்ரு’ என்று எல்லோரும் அறிந்தவர், 76 சென்ரிமீற்றர் உயரம். மிமிக்ரி மேடைகளில் குரலைத் தீட்டிக்கொண்டு வந்து, 2005இல் ஒரு முழுநீளப் படத்தின் நாயகனாகி உலக சாதனைப் பட்டியலில் இடம்பிடித்தார், 2013இல் ஒரு படத்தை இயக்கவும் செய்தார். அமெரிக்க நடிகர் பீற்றர் டிங்க்லேஜுக்கும் உங்கள் தம்பிக்கு உள்ள அதே அகோன்ட்ரோபிளேசியாதான். குட்டிச்சாத்தான் வேடங்களுக்கு ஆள் தேடி வந்தவர்களை, கையில் காசில்லாத நாட்களிலும் அவர் மறுத்தார். பிற்காலத்தில் நான்கு எம்மி விருதுகள் பெற்றார். மறுப்பதற்கு அவருக்குத் தைரியம் மட்டும் போதவில்லை என்பதையும் தம்பி கவனிக்க வேண்டும்: அவர் நாடகம் கற்றுப் பட்டம் பெற்றவர், நடிப்பு வராத காலத்தில் அலுவலக வேலை பார்த்துப் பசியாறியவர்.

உங்கள் அம்மாவின் மனதில் சர்க்கஸ் ஜோக்கர் என்றதும் 1989இல் வந்த ‘அபூர்வ சகோதரர்கள்’ அப்புதான் வந்து நிற்பார் என்று நினைக்கிறேன். நம்மில் பலருக்கும் அப்படித்தான். அந்த வேடத்தில் எங்களைச் சிரிக்கவும் அழவும் வைத்தவர் கமல்ஹாசன். உயரம் குறைந்தவராகத் தோன்றச் செய்தது படப்பிடிப்பு நுட்பம். நெஞ்சைத் தொட்டது நடிப்பு. உங்கள் தம்பிக்கு அந்த நுட்பம் தேவையில்லை. நடிப்பு தேவை. அதைக் கற்க இடம் தேடுவதற்குப் பதிலாக, அது தேவையே இல்லை என்று சொல்பவரின் பின்னால் போகலாமா?

இனி உடம்பைப் பற்றி. சர்க்கஸில் ஜோக்கரின் வேலை ஓய்வான வேலை என்று வெளியில் இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்ததற்கு வலை கட்டி, கம்பி இழுத்து, சாமான் மாற்றும்வரை சனத்தைப் பிடித்து வைத்திருப்பது அவர்கள்தான். ஆகவே ஒரே காட்சியில் பலமுறை உள்ளே ஓடி வர வேண்டும். அடி வாங்குவது, பின்புறமாக விழுவது, குட்டிக்கரணம் அடிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். இந்திய சர்க்கஸில் கடைசியாக வரும் பார் விளையாட்டில், அதாவது அந்தரத்து ஊஞ்சல் ஆட்டத்தில், ஒரு ஜோக்கரும் ஏணியேறி மேலே போய், ஊஞ்சலைத் தவறவிடுவதுபோல் நடித்து வலையில் விழுவது வழக்கமான ஒரு அயிட்டம். ஒரு நாளில் இரண்டு, மூன்று காட்சிகள். இதை இயல்பான உடற்கூறு உள்ளவர் செய்வதற்கும் உங்கள் தம்பி செய்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

அகோன்ட்ரோபிளேசியா உள்ளவர்களின் முள்ளந்தண்டுக் குழாய், அதாவது முண்ணாணும் நரம்புகளும் இறங்கிவரும் எலும்புப் பாதை, பிறவியிலேயே ஒடுங்கியது. இடுப்பை நோக்கி இறங்க இறங்க இன்னும் ஒடுங்கும். மண்டையோடும் கழுத்தும் சேரும் இடத்திலுள்ள துவாரமும் சிறியது. இளமையில் அது பெரும்பாலும் வெளியே தெரியாது. 20, 30 வயதுகளில், உடல் எடை கூடும்போதோ முள்ளெலும்பும் அவற்றுக்கு இடையிலுள்ள தட்டும் தேயத் தொடங்கும்போதோ, நரம்பு நெரிபட ஆரம்பிக்கும். அதனால்தான் தலைகீழாகப் புரளுவது, உயரத்திலிருந்து குதிப்பது, கழுத்து உலுக்கப்படும் விளையாட்டுக்கள், துள்ளுமெத்தை ஆகியவற்றை இவர்களுக்கு வைத்தியர்கள் வேண்டாம் என்கிறார்கள். ஜோக்கர் வேலையின் பட்டியலும் இந்தத் தடைப் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றே.

நான் குறிப்பிட்ட அந்தக் கலைஞர் எங்களிடம் சிகிச்சைக்கு வந்தபோது நாற்பதைக் கடந்திருந்தார். ஊர் ஊராகப் போகும் ஒரு கார்னிவல் குழுவில் வாலிபம் முழுவதையும் கழித்தவர். நடைபயிற்சிக் கம்பிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடப்பார். பிறகு கம்பியைப் பிடித்தபடி முன்னால் குனிந்து நிற்பார், அல்லது அப்படியே குந்திவிடுவார். கால் விறைப்பு விட்டதும் எழும்பி மறுபடி நடப்பார். அதை அவர் களைப்பு என்றே பல வருடங்களாக நினைத்திருந்தார். குனியும்போது ஒடுங்கிய குழாய் சற்று விரிந்து நரம்புக்கு இடம் கிடைக்கிறது என்பதை நான் விளக்கியபோது, ‘அப்ப விழுந்து விழுந்து நானேதானா கெடுத்தன்?’ என்று கேட்டார். கெடுத்தது அவர் மட்டும் இல்லை. விழும்போது அடிபடாமல் இருக்கத் தன் காற்சட்டையின் பின்புறத்தில் கதிரை மெத்தையிலிருந்து வெட்டிய பஞ்சைத் தானே தைத்துக்கொண்டதாகச் சொன்னார். அந்தக் குழுவில் யாரும் அவருக்கு ஒரு பாதுகாப்பு உடை கொடுத்ததில்லை, ஒருமுறையாவது முதுகைப் படம் எடுத்துப் பார்த்ததும் இல்லை. இத்தனைக்கும் மேடையைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தையும் நான் பார்த்தேன். அவருக்கு அந்தத் தொழிலின்மேல் இருந்த அன்பு பொய்யில்லை. அதனாலேயே எனக்குக் கோபம் அதிகமாகிறது.

உங்கள் தம்பியை ஒருநாள் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து மேலே ஏறும்போது நாம் இயல்பாகவே முன்னால் சாய்ந்து நடப்போம். இறங்கும்போது இடுப்பு பின்னால் வளையும். முள்ளந்தண்டு ஒடுங்கியவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கடினமாக இருக்கும். இறங்கி வரும்போது தொடையிலோ கெண்டைக்காலிலோ விறைப்பும் கனமும் வருகிறதா, இடையில் குந்தியிருக்கத் தேடுகிறாரா, சுவரில் சாய்ந்து குனிகிறாரா என்று பாருங்கள். ஆனால் பரீட்சை வைப்பதுபோல் தெரிய வேண்டாம். சட்டைப் பொத்தான் போடுவதில், பேனை பிடிப்பதில் கைத்தடுமாற்றம் உண்டா என்பதையும் கேளுங்கள். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புகிறார் என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நித்திரையில் மூச்சடைப்பது இவர்களிடையே அதிகம். சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போவது, திடீரென்று கால் பலமிழப்பது ஆகியவை வந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், எந்த மேடைக்கும் போகுமுன் எலும்பியல் கிளினிக்கில் முழுப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். தேவையென்று வைத்தியர் கருதினால் எம்.ஆர்.ஐ. படத்துக்கு எழுதிக் கொடுப்பார். உயரத்தைக் கூட்டும் ஊசி பற்றி யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம். 2021இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற வொசொரிடைட் என்ற மருந்து உண்மையானதுதான். ஆனால் அது எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்குரியது, தம்பியின் வயதில் பயனில்லை. அவருக்குப் பயன்படுவது நீச்சல். முள்ளந்தண்டில் பாரம் ஏற்றாமல் முதுகையும் வயிற்றையும் பலப்படுத்த அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. உப்புவெளிக் கடல் அமைதியாக இருக்கும் சோளகக் காலத்தில், நீந்தத் தெரிந்த ஒருவரோடு, காலையில் போகலாம். படப்பிடிப்பிலோ ஒத்திகையிலோ நெடுநேரம் உட்காரும்போது கால் தொங்கக் கூடாது. ஒரு சிறு பலகையைக் காலடியில் வைத்துக்கொள்ளும்படி சொல்லுங்கள். தொங்கும் காலின் பாரம் முழுவதும் இடுப்பில்தான் இறங்கும்.

முகவருக்கு வருகிறேன். வெளிநாட்டுக்கு வேலைக்கு ஆட்சேர்ப்பவர் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும்; போகிறவரும் புறப்படுமுன் பணியகத்தில் பதிய வேண்டும். அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு வாங்கிப் பணியகத்தில் சரிபாருங்கள். அடுத்தது விசா. இந்தியாவின் வேலை விசா உயர்ந்த தேர்ச்சியும் உயர்ந்த சம்பளமும் உள்ளவர்களை மனதில் வைத்தது. ஜோக்கர் வேலைக்கு அது கிடைக்கும் என்று நம்புவது கடினம். சுற்றுலா விசாவில் போய்ச் ‘சமாளிக்கலாம்’ என்று அவர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்படிப் போய் வேலை செய்வது குற்றம். அதைவிட மோசமானது, சம்பளம் தராவிட்டாலும், அடிபட்டுக் கிடந்தாலும், தம்பி எந்த அலுவலகத்திலும் போய் முறையிட முடியாது. கடவுச்சீட்டைக் கம்பனி வாங்கி வைத்துக்கொள்ளுமா என்றும் கேளுங்கள்.

சர்க்கஸ் தொழிலின் இன்றைய நிலையையும் அறிந்திருப்பது நல்லது. கேரளத்தின் தலச்சேரியில் 1901இல் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த பெருமைக்குரிய கலை அது; நான் அதை இழிவாக நினைக்கவில்லை. ஆனால் சிங்கம், புலி, கரடி, குரங்கு ஆகியவற்றைக் காட்சியில் பயன்படுத்துவதை 1998இல் இந்திய அரசு தடுத்தது. பிள்ளைகளை வேலைக்கு வைப்பதை 2011இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. இரண்டும் நியாயமான தடைகள். அவற்றுக்குப் பின் கூட்டம் குறைந்தது. 2020இல் கொரோனா முடக்கம் கூடாரங்களை மாதக்கணக்கில் மூடிவைத்தது. மூடும் நிலையிலுள்ள ஒரு கம்பனியில், காப்புறுதி இல்லாமல், ஊரிலிருந்து தொலைவில் ஒருவர் நோயில் விழுந்தால் அவரை யார் பார்ப்பார்கள்? அங்கிருந்து சினிமா சுலபம் என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. குறும்படத்தில் நடித்து அது நாலு பேரின் கண்ணில் பட்ட தம்பி, சினிமாவுக்கான பாதையில் இப்போதே ஓர் அடி வைத்துவிட்டார். கூடாரத்துக்குள் போவது அந்த அடியைப் பின்வாங்குவதாகும்.

இனி, போகாதே என்பதோடு நிற்காமல் என்ன செய்யலாம் என்பது. மட்டக்களப்பு கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. நாடகமும் அரங்கியலும் அங்கு பட்டப் படிப்பு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான விசேட அனுமதி பற்றிய பகுதி உண்டு. எந்த ஆண்டுப் பெறுபேற்றுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பார்த்து, தம்பியின் பாடசாலை ஆசிரியரையும் கலந்துகொள்ளுங்கள். படிப்புக்கு இடம் கிடைக்காவிட்டால், மட்டக்களப்புப் பக்கக் கூத்து அண்ணாவிமார் ஒருவரிடம் ஒரு பருவம் நின்று பாட்டும் தாளமும் பழகுவதும் சிறுமையான கல்வி இல்லை. துள்ளல் ஆட்டத்தை அவர் உடம்புக்கு ஏற்ப மட்டுப்படுத்தும்படி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குரல் பயிற்சியை இன்றைக்கே தொடங்கலாம். வானொலி, பின்னணிக் குரல், விளம்பரம் ஆகியவற்றில் உயரத்தை யாரும் அளப்பதில்லை. இடுப்பையும் அவை வருத்துவதில்லை.

நடிப்பால் மட்டும் குடும்பம் நடத்துபவர்கள் இலங்கையில் மிகக் குறைவு என்பதால் ஒரு நிரந்தர வருமானத்தையும் தேட வேண்டும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனைக் காரணம் காட்டி வேலையிலோ கல்வி நிறுவன அனுமதியிலோ பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. அரச வேலைகளில் 3 சதவீதத்தை ஒதுக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை 1988இலிருந்தே இருக்கிறது. நடைமுறையில் அது ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் பெயர் பதிவில் இல்லாதவருக்கு அது ஒருநாளும் கிடைக்காது. உங்கள் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு, பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்துத் தம்பியின் பெயரைப் பதியுங்கள். உதவித்தொகை, தொழிற்பயிற்சி ஆகியவற்றையும் அங்கேயே கேட்கலாம்.

அடுத்த குறும்படத்துக்கு யாராவது அழைத்தால் தம்பி முதலில் கதையைக் கேட்கட்டும். பாத்திரத்துக்குப் பெயர் இருக்கிறதா, அவருக்கு ஒரு விருப்பமோ கோபமோ கதையில் இருக்கிறதா, அல்லது நாயகனிடம் குட்டு வாங்கத்தான் வருகிறாரா என்று கேட்பதில் அகம்பாவம் ஒன்றும் இல்லை. தூக்குவது, எறிவது, அடிப்பது ஆகிய காட்சிகளுக்கு உடன்பட மாட்டேன் என்பதைப் படப்பிடிப்பு நாளில் சொல்லாமல் பேச்சு முடிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

அம்மாவைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. ஆனால் இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மார் பலர் கிரகணத்தில் வெளியே போனேன், ஏதோ சாப்பிட்டேன், பாவம் செய்தேன் என்று தங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்வதை நான் பார்க்கிறேன். அவருக்கு உண்மையைச் சொல்லுங்கள். எலும்பு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எப்.ஜி.எப்.ஆர்.3 என்ற மரபணுவில் ஏற்படும் ஓர் எழுத்துப் பிழை அளவான மாற்றமே இதற்குக் காரணம். இந்த நிலையோடு பிறப்பவர்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தினரின் தாயும் தகப்பனும் சாதாரண உயரம் உள்ளவர்களே. மாற்றம் அந்தப் பிள்ளையில் புதிதாக உண்டானது. அம்மா செய்த எதுவும் அதைக் கொண்டுவரவில்லை, செய்யாத எதுவும் அதைத் தடுத்திருக்காது.

உங்கள் கல்யாணப் பேச்சுக்கும் இதுவே பதில். இந்த மரபணு மாற்றம் ஒருவரிடம் இருந்தால் அது உயரத்தில் தெரிந்தே தீரும். ஒளிந்திருந்து அடுத்த தலைமுறையில் வருவதில்லை. நீங்கள் சாதாரண உயரம் உள்ளவர் என்றால் அது உங்களிடம் இல்லை; உங்கள் பிள்ளைக்கு இது வரும் வாய்ப்பு, வேறெந்தப் பெண்ணின் பிள்ளைக்கும் உள்ள அதே மிகச் சிறிய வாய்ப்புத்தான். சந்தேகப்படும் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு வைத்தியரைக் கொண்டே இதை விளக்கலாம். தம்பியை விருந்தாளி வரும் நேரத்தில் உள்ளறையில் இருத்துவதை மட்டும் செய்யாதீர்கள். தம்பிக்குத் திருமணம் ஆகும்போது கணக்கு வேறு: துணைவி சாதாரண உயரம் உள்ளவர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அதை அவரும் அவருடைய துணைவியும் அந்த நேரத்தில் வைத்தியரோடு பேசித் தீர்மானிப்பார்கள்.

முகவர் மாதக் கடைசிக்குள் பதில் கேட்டால், ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதித் தரும்படியும், விசாவின் வகை, வேலையின் விவரம், விபத்துச் செலவு, திரும்பி வரும் பயணச்சீட்டு ஆகியவை அதில் இருக்க வேண்டும் என்றும் தம்பியே சொல்லட்டும்; அவர் சார்பில் நீங்கள் பேச வேண்டாம். கிளினிக்குக்கு வரும்போதும் அப்படியே. கூட வாருங்கள், ஆனால் எங்கே நோகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, என்ன வேலை செய்ய ஆசை என்று கேட்டால் பதில் தம்பியிடமிருந்து வரட்டும். சிறுவயதிலிருந்து எடுத்த எக்ஸ்ரே படங்கள், பழைய கிளினிக் கொப்பி, காதில் சத்திரசிகிச்சை ஏதும் செய்திருந்தால் அதன் அட்டை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். அந்தக் குறும்படம் தொலைபேசியில் இருந்தால் அதையும் காட்டச் சொல்லுங்கள். அவர் எப்படி நடக்கிறார், எப்படித் திரும்புகிறார், எந்தக் காலில் பாரம் போடுகிறார் என்பதை அதில் என்னால் பார்க்க முடியும்.